உடையாத கண்ணாடி

கண்ணாடியின் மேல் கட்டரை வைத்து ஒரே இழுப்பாக இழுத்து, கீறலுக்கு நேர் கீழே விரலைக் கொடுத்து அமுக்கினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் வேலை சுத்தம். வேறு எந்தச் சத்தம் வந்தாலும் கண்ணாடி போச்சு. பிரேம் கடைக்காரி கல்யாணமாகி இந்தக் கடைக்குள் காலடி வைத்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம் அது. பக்கத்தில் ரேடியோ அலறினாலும், வந்தவர்கள் ஊர்க்கதை பேசினாலும், அந்த டிக் மட்டும் தனியாக வந்து அவள் காதில் விழும். அன்று காலை முதல் இழுப்பிலேயே சரியாக விழுந்தது. வெட்டிய கண்ணாடியைத் துடைத்து, மேசையில் விரித்திருந்த பாராட்டுப் பத்திரத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். அளவு கனகச்சிதமாக இருந்தது.

‘இளைஞர்களும் பெரியவர்களும் கைகோத்து நின்றதால் நம் பகுதி பாதுகாப்பாக இருக்கிறது’ என்று தங்க நிறத்தில் அச்சடித்திருந்தார்கள். கீழே நகராட்சி முத்திரை. சாயங்காலம் மேட்டுத் திடலில் விழா, பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டு இதைக் கொடுப்பார்கள். போட்டோ எடுக்கும்போது வெளிச்சம் பட்டுக் கண் கூசக் கூடாது என்று நகராட்சி இன்ஜினியர் சொல்லியனுப்பியிருந்தார். அதற்காகத்தான் மங்கல் கண்ணாடி. போன மாதம்தான் அந்தச் சரக்கைக் கடைக்கு முதன்முதலாக வாங்கிப் போட்டிருந்தார்கள். பார்க்கப் புகை படிந்த மாதிரி இருக்கும், வெயிலில் பிடித்தாலும் பளிச்சென்று அடிக்காது. வெட்டி மிச்சமான துண்டுகளை எடுத்து ஓரமாய் வைக்கும்போது, துண்டுப் பெட்டியில் மங்கல் கண்ணாடி இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு மறந்துவிட்டாள். பாராட்டுப் பத்திரம் சட்டத்துக்குள் ஏறியதும் சந்தோஷமாக இருக்க வேண்டிய மனசு, என்னவோ காலையிலிருந்து இருப்புக்கொள்ளாமல் இருந்தது. மழைக்காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருக்க, விடிய விடிய மழை பெய்திருந்தது. தூக்கம் கெட்டதால் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இன்று பாராட்டுகிறவர்கள்தான் போன வருஷம் இதே பிள்ளைகளை வாசலில் நிற்க வைத்துக் கால் கடுக்கச் செய்தவர்கள். கதை சுவரில் ஆரம்பித்தது. மேட்டுத் திடலின் மண் சரியாமல் தாங்கிக்கொண்டு ஒரு பழைய கல் சுவர். அதன் காலடியில் ஒரு சந்து. சந்தின் மறுபக்கம் சுவரைப் பார்த்த மாதிரி வரிசையாக வீடுகள், முதல் வீடு பிரேம் கடைக்காரியின் அக்காவுடையது. சுவரில் மேலிருந்து கீழாக, கோணல் மாணலாக ஒரு விரிசல் ஓடியது. பெரியவர்கள் அதைத் தினமும் பார்த்துப் பார்த்து, பார்ப்பதையே விட்டிருந்தார்கள். அக்கா மகள்தான் விடவில்லை. எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்று நிற்கிற பிறவி. தெருவே அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடத்தில் தன்னோடு படிக்கிற ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, விரிசல் அகலமாகிக்கொண்டே போகிறது, சுவர் விழுந்தால் எங்கள் வீட்டின் மேல்தான் விழும் என்று நகராட்சி வாசலில் போய் நின்றாள்.

முதல் தடவை துணைக்குப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கேதான் வந்தது வினை. இன்ஜினியர் முன்னால் உட்கார்ந்ததும் ஒருவர் தன் வீட்டுச் சாக்கடைக் கதையைத் தொடங்கினார். இன்னொருவர் தெரு விளக்குக்குத் தாவினார். மூன்றாமவர் இந்தக் காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு பொறுப்பானவர்கள் என்று ஒரு பிரசங்கமே வைத்தார். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்குள் இன்ஜினியருக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. மறுநாள் கூட்டத்தில் வக்கீல் ஒரு சட்டம் போட்டாள். இனிமேல் பேசுவது பிள்ளைகள், சுமப்பது பெரியவர்கள். ஏணி தூக்குவது, மேசை நாற்காலி போடுவது, வண்டியில் கொண்டுபோய் விடுவது, கேட்ட பொருளைக் கொடுப்பது, இதெல்லாம் பெரியவர்கள் பாடு. வாயை மட்டும் திறக்கக் கூடாது. இதைக் கேட்டுப் பாதிப் பெரியவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் பிரேம் கடைக்காரியும் அவள் புருஷனும் இருந்தார்கள்.

அவள் புருஷனுக்கு அந்தச் சட்டம் அல்வா சாப்பிட்ட மாதிரி. மனுஷன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். கடையில் அவருக்கு எழுத்து வேலை. செத்துப்போனவர்களின் படத்துக்குக் கீழே பெயரும், பிறந்த தேதியும் இறந்த தேதியும் எழுதிக் கொடுப்பார். குடும்பத்தார் பழைய காகிதம் எதையாவது நீட்டி, ‘அப்பா எழுத்து மாதிரியே இருந்தா நல்லாருக்கும்’ என்றால், அப்படியே உரித்து வைத்த மாதிரி எழுதிவிடுவார். பிள்ளைகள் என்றால் உருகிப் போகிறவர். தங்களுக்கு இல்லை என்பதால் அப்படி என்று அக்கா சொல்வாள். பிரேம் கடைக்காரிக்கு அந்தப் பேச்சு பிடிக்காது, ஆனால் பொய் என்றும் சொல்ல மாட்டாள்.

பிள்ளைகள் பேசிப் பேசி, கடைசியில் இன்ஜினியர் இறங்கி வந்தார். விரிசலுக்குக் குறுக்கே, பாலம் போட்ட மாதிரி, வரிசையாகக் கண்ணாடித் துண்டுகளை வெள்ளை சிமெண்ட்டால் ஒட்டி வைக்க வேண்டும். சுவர் ஒரு நூல் அசைந்தாலும் கண்ணாடி தாங்காது, உடைந்துவிடும். மழைக்காலம் முடியும்வரை உடையாமல் இருந்தால் சுவர் நிற்கிறது என்று அர்த்தம், மேட்டைச் சமப்படுத்திப் பிள்ளைகளுக்கே விளையாட்டுத் திடலாகக் கொடுத்துவிடலாம். உடைந்தால் சந்து வீடுகளைக் காலி செய்துவிட்டுச் சுவரை இடித்துக் கட்ட வேண்டும். சொன்னவர் கூடவே ஒரு முடிச்சும் போட்டார். யாராவது விளையாட்டாகக் கை வைத்து ஒரு துண்டு உடைந்தாலும் மொத்தமும் செல்லாது, அப்புறம் தன் வாசலுக்கு வரவே கூடாது. பிரேம் கடைக்காரிதான் சாதாக் கண்ணாடியில் துண்டுகளை வெட்டி, பிள்ளைகள் கையைக் கிழிக்காமலிருக்க ஓரங்களைக் கல்லில் தேய்த்துக் கொடுத்தாள். ஒவ்வொரு துண்டிலும் இன்ஜினியர் தன் கையால் தேதி எழுதினார். ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுகிற எழுத்து அவருடையது.

அதன் பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் நேரே சுவருக்குத்தான் வருவார்கள். முறை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒன்றும் உடையவில்லை. அக்கா அந்தச் சமயத்தில் பாத்திரம் பண்டமெல்லாம் மூட்டை கட்டி வாசலோரம் வைத்திருந்தாள். எங்கே போவது என்று தெரியாது, ஆனாலும் கட்டி வைத்திருந்தாள். மழை தொடங்கி முதல் வாரம் கண்ணாடி உடையவில்லை என்றதும் ஒரு மூட்டையைப் பிரித்தாள். அடுத்த மழைக்கு இன்னொன்று. பிறகு எல்லாவற்றையும் பிரித்து அடுக்கிவிட்டு, சுவரைத் தாங்கியது தன் மகள்தான் என்கிற மாதிரி தெருவெல்லாம் பெருமை பேசினாள். வக்கீலுக்கு மட்டும் முழு நிம்மதி இல்லை. வீட்டுக் கதவு சரியாகச் சாத்த மாட்டேன் என்கிறது, நிலையில் இடிக்கிறது என்று சித்தியிடம் ஒரு நாள் சொன்னாள். மழையில் மரம் ஊதியிருக்கும் என்று பிரேம் கடைக்காரி சொல்லி அனுப்பினாள். வேறென்ன சொல்ல. கண்ணாடிதான் உடையவில்லையே.

மத்தியானம் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, சட்டம் போட்ட பத்திரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். வழக்கமாக மார்க்கெட் வழியாக வந்து மார்க்கெட் வழியாகப் போகிறவள். சந்து வழியாகத் தினமும் வருவது அவள் புருஷன்தான், விடிந்ததும் நடந்து வந்து கடையைத் திறப்பார். இன்று திடலுக்குப் போகச் சந்துதான் கிட்டம். மழை விட்டு, நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேலே லாரி மண் கொட்டுகிற சத்தமும், ஒலிபெருக்கிக்காரன் ‘ஹலோ ஹலோ’ என்று சோதித்துப் பார்க்கிற சத்தமும் கேட்டன. சுவரின் கல் இடுக்குகளில் தண்ணீர் கசிந்து, சேற்று நிறத்தில் வழிந்திருந்தது. அவள் நின்று கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தன் கையால் வெட்டியவை அல்லவா, ஒரு பாசம்.

வெயில் பட்டு மேல் துண்டு பளிச்சென்று அடித்தது. அடுத்ததும் அடித்தது. அதற்கு அடுத்தது அடிக்கவில்லை.

அழுக்காக இருக்கும் என்று முந்தானையால் துடைத்தாள். அழுக்கில்லை. புகை படிந்த மாதிரி, மங்கலாக இருந்தது. கீழே இன்னொன்று அதே மாதிரி. அதற்கும் கீழே இன்னொன்று. அவள் இந்தத் துண்டுகளை வெட்டிக் கொடுத்தபோது மங்கல் கண்ணாடி என்று ஒரு சரக்கு கடையிலேயே கிடையாது. ஆனால் தேதி இருந்தது. ஒட்டிய அன்றைய அதே தேதி, ஏழுக்கு நடுவில் அதே குறுக்குக் கோடு. சுற்றியிருந்த சிமெண்ட்டில் விரலை வைத்தாள். மற்ற இடங்களில் கல்லாக இறுகியிருந்தது இங்கே இன்னும் ஈரமாக, விரல் நுனியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. அந்த எழுத்தை அப்படி எழுதக்கூடிய இன்னொரு ஆள் இந்த ஊரிலேயே ஒருவர்தான், அவர் மேலே நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறார்.

படியேறித் திடலுக்குள் போனபோது மூச்சு வாங்கியது. பெரியவர்கள் வக்கீல் போட்ட சட்டப்படி வாயை மூடிக்கொண்டு சுமந்துகொண்டிருந்தார்கள். மேடையருகே வக்கீலும், இன்னும் மீசையே முளைக்காததால் மீசை என்று பெயர் வாங்கிய ஒரு பையனும் மைக் வயரை இழுத்துப் பிடித்திருந்தார்கள். சுவரின் மேல் விளிம்பை ஒட்டியே நாற்காலி வரிசைகள் போயிருந்தன. ஜனங்கள் வந்து உட்காரத் தொடங்கிவிட்டார்கள். பிரேம் கடைக்காரி புருஷனைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். வக்கீலுக்கு எதுவும் தப்பாது, பின்னாலேயே வந்து நின்றாள், வால் மாதிரி மீசையும்.

“என்னங்க, சுவத்துல மங்கல் கண்ணாடி ஒட்டுனது நீங்களா?”

அவர் சிரித்தார். மாட்டிக்கொண்ட சிரிப்பு, ஆனால் தப்பு செய்த முகம் இல்லை. இவ்வளவு நாள் ஒளித்து வைத்த நல்ல காரியம் ஒன்று வெளியே வந்துவிட்டதே என்கிற வெட்கம்தான் இருந்தது. மீசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சொல்லலாமா என்று கண்ணாலேயே கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். மெல்ல மெல்லச் சொன்னார். கண்ணாடி ஒட்டிய புதிதில் ஒரு நாள் காலை, மீசை உதைத்த பந்து பட்டு ஒரு துண்டு நொறுங்கியது. அவர் கண் முன்னாலேயே நடந்தது. மொத்தமும் செல்லாமல் போய்விடுமே, தன்னால் எல்லாம் பாழ் என்று பையன் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறான். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, கடைக்குப் போய் ஒரு துண்டு எடுத்து வந்து, தேதியையும் அதே மாதிரி எழுதி, அவரே ஒட்டினார்.

“அது ஒண்ணுதானே சித்தப்பா?” என்றாள் வக்கீல்.

அவர் இல்லை என்று தலையாட்டினார். அதற்குப் பிறகும் காலையில் வரும்போது அவ்வப்போது ஒன்றிரண்டு உடைந்து கிடக்கும். மழை பெய்த மறுநாள் என்றால் கட்டாயம் கிடக்கும். மழைத் தண்ணீரில் பந்து விளையாடுவதென்றால் பசங்களுக்குக் குஷி இல்லையா. உடைத்துவிட்டுப் பயந்துபோய் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று அவரே முடிவு செய்துகொண்டார். பிள்ளைகள் சாயங்காலம் பார்க்க வருவதற்குள் காயட்டும் என்று, கடை திறப்பதற்கு முன்னாலேயே மாற்றிவிடுவார். சாதாக் கண்ணாடித் துண்டு தீர்ந்ததும் மங்கலில் எடுத்தார். சொல்லிவிட்டு அவர் வக்கீலின் தலையை வாஞ்சையாகத் தடவ வந்தார். அவள் விலகிக்கொண்டாள்.

மீசை தலையை நிமிர்த்தினான். “மாமா, அன்னிக்கு நான் உடைச்சதுக்கு அப்புறம் சந்துல யாருமே பந்து எடுக்கல. நான்தான் கூடாதுன்னு சொல்லிட்டேன். நாங்க ஸ்கூல் கிரவுண்டுலதான் ஆடறோம்.”

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை. அதை எடுக்க மறந்துபோனவர் மாதிரி நின்றார். ஒலிபெருக்கியில் யாரோ பாட்டுப் போட்டார்கள். மண் கொட்டி முடித்த லாரி ஒன்று பின்வாங்கி, அடுத்தது உள்ளே வந்தது. காலடியில் தரை லேசாக அதிர்ந்தது, அது லாரியாலேயே இருக்கலாம். பிரேம் கடைக்காரிக்குப் புருஷனை அப்படியே உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. பாவி மனுஷா, பாசத்தைக் காட்ட உனக்கு வேறு இடமா கிடைக்கவில்லை.

வக்கீல் நேரே இன்ஜினியரிடம் போனாள். புதுச் சட்டை போட்டு, முன் வரிசையில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், கேட்கக் கேட்க எரிச்சலானார். முதலில் அவருக்குச் சுவர் தெரியவில்லை, ஏமாற்றப்பட்டதுதான் தெரிந்தது. “நீங்களே மாத்திட்டு நீங்களே வந்து உடைஞ்சுதுன்னு சொன்னா, நான் எதம்மா நம்பறது? இப்ப பார்த்தா எல்லாம் முழுசாத்தானே இருக்கு? ஜனங்க வந்தாச்சு. விழா முடியட்டும், திங்கக்கிழமை ஆள அனுப்பிப் பார்க்கறேன்” என்றார். அவள் விடாமல் பேசினாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அந்தப் பார்வையைப் பிரேம் கடைக்காரி முன்பே பார்த்திருக்கிறாள், சாப்பாட்டு நேரப் பார்வை.

உடைந்த கண்ணாடியைக் குப்பையில் போடுகிற ஆளில்லை அவள் புருஷன். பொறுக்குகிறவர்கள் கையைக் கிழிக்கும் என்பார். எல்லாம் வெட்டு மேசைக்கு அடியில் ஒரு தகர டின்னுக்குள் போகும், நிறைந்தால் பழைய கண்ணாடி எடுக்கிறவன் வந்து கொண்டுபோவான். இந்த மழைக்காலம் முழுக்க அவன் வரவில்லை. அவள் மீசையின் காதில் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பையன் ஓடியிருந்தான்.

டின்னைத் தூக்கிக்கொண்டு அவன் வேர்த்து விறுவிறுத்து வந்ததும், அவள் அதை வாங்கி, பூ ஜாடி வைத்திருந்த மேடை மேசையின் மேல் அப்படியே கவிழ்த்தாள். படச் சட்டத்து உடைசல்களுக்கு நடுவே சுவர்த் துண்டுகளைப் பொறுக்கித் தனியாகத் தள்ளினாள். ஒன்றே ஒன்றுதான் பந்து பட்டுச் சிதறியது, எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக இருந்தது. மற்றவை அப்படி இல்லை. ஒவ்வொன்றும் நடுவில் ஒரே ஒரு முறிவு. மேல் பாதியில் தேதியின் முன்பகுதி, கீழ் பாதியில் பின்பகுதி. சில துண்டுகளில் இன்ஜினியரின் எழுத்து, சிலவற்றில் அவர் எழுத்து மாதிரியே இன்னொருவர் எழுதியது. ஆக, மாற்றி வைத்ததும் உடைந்திருக்கிறது. இன்ஜினியர் இரண்டு பாதிகளை எடுத்து ஒட்டிப் பார்த்தார். கீழே வைத்தார். இன்னும் இரண்டை எடுத்தார். அவர் முகத்தில் இருந்த எரிச்சல் போய், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் இருந்தது.

“கடைசியா எப்ப மாத்துனீங்க?” என்று அவள் புருஷனைக் கேட்டார்.

“இன்னிக்குக் காலைல சார்.”

“எத்தனை?”

அவள் புருஷன் சுவர் இருந்த பக்கம் திரும்பினார். “மூணு. முன்னல்லாம் ஒண்ணு ரெண்டுதான் சார்.”

இன்ஜினியர் லாரி பக்கம் திரும்பி, நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். பாட்டுச் சத்தத்தில் டிரைவருக்குக் கேட்கவில்லை. அவரே புதுச் சட்டையோடு சேற்றில் இறங்கி ஓடினார். நாற்காலிகளில் ஜனங்கள் நிறைந்துகொண்டே இருந்தார்கள். குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல இடம் பிடித்த திருப்தியில் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் மைக்கைக் கழற்றி எடுத்தாள். எல்லோரும் அவள்தான் பேசப் போகிறாள் என்று நினைத்தார்கள். பிரேம் கடைக்காரியும் அப்படித்தான் நினைத்தாள். வக்கீல் அதைச் சித்தப்பாவிடம் நீட்டினாள்.

“நான் சொன்னா பயமுறுத்தறேன்னுதான் சொல்வாங்க. இத நீங்கதான் பேசணும் சித்தப்பா.”

அவர் மைக்கைப் பார்த்தார். தன் பெண்டாட்டியைப் பார்த்தார். போங்க என்று அவள் கண்ணைக் காட்டினாள். அதற்கு மேல் நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. அக்கா கீழே இருக்கிறாள்.

பிரேம் கடைக்காரி படிகளில் ஓடி இறங்கினாள். அக்கா வீட்டுக் கதவு சாத்தாமல், பாதியில் இடித்துக்கொண்டு நின்றது. அக்கா நல்ல புடவை கட்டி, கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். மகள் மேடையேறுவதைப் பார்க்கப் போகிற முகம். தங்கையைப் பார்த்ததும், “என்னடி இப்படி பேயறஞ்ச மாதிரி வர்ற? ஆரம்பிச்சாச்சா?” என்றாள்.

உடனே வெளியே வா என்றாள் தங்கை. கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா சீப்பும் கையுமாக முரண்டு பிடித்தாள். அவசரத்தில் என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது. சுவர் அசைகிறது என்று மட்டும் சொன்னாள்.

“அதெப்படி அசையும்? கண்ணாடி உடையலன்னுதானேடி நான் மூட்டையெல்லாம் பிரிச்சேன்.”

அதற்குப் பதில் மேலிருந்து வந்தது. பாட்டு நின்று, ஒலிபெருக்கி ஒரு முறை கீச்சிட்டது. தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு ஒரு ஆண் குரல், வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் ஒரு ஆளே நடந்து போகலாம், அவ்வளவு இடைவெளி. அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். “உன் வீட்டுக்காரரா பேசறது? அவருக்குப் பேசவெல்லாம் வருமா?” என்று சிரித்தாள்.

குரல் சொன்னது: “அந்தக் கண்ணாடியெல்லாம்... உடைஞ்சுதுங்க. நான்தான்... மாத்தி மாத்தி வெச்சேன். எல்லாரும் மெதுவா எந்திரிச்சு... சுவத்துப் பக்கம் வராம... அந்தப் பக்கமா இறங்கிப் போயிடுங்க. அண்ணி... நீங்க வீட்டுல இருக்காதீங்க. என்ன மன்னிச்சிடுங்க அண்ணி.”

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. கையிலிருந்த சீப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். தங்கையைப் பிடித்துக்கொண்டு வாசல் தாண்டிச் சந்துக்கு வந்தாள். பக்கத்து வீடுகளிலிருந்தும் ஒவ்வொருவராக வெளியே வந்து, ஒலிபெருக்கி சொன்னதை ஒருவருக்கொருவர் திரும்பக் கேட்டுக்கொண்டார்கள். மேலே நாற்காலிகள் இழுபடுகிற சத்தமும், யாரோ ஒரு குழந்தை வீறிடுவதும், அதற்கு மேலாக வக்கீலின் குரல் ‘ஓடாதீங்க, நடந்து போங்க’ என்று அதட்டுவதும் கேட்டன. சந்துமுனையில் மீசை இரண்டு கைகளையும் ஆட்டி, இந்தப் பக்கம் வாங்க, இந்தப் பக்கம் வாங்க என்று கத்திக்கொண்டிருந்தான். சுவர் அதன் பாட்டுக்கு நின்றது. கல் இடுக்குகளில் சற்று முன் கசிந்த தண்ணீர் இப்போது நின்று போயிருந்தது.

பாதிச் சந்து போனதும் அக்கா சட்டென்று நின்றாள். “அய்யோ, பால் வெச்சிருக்கேண்டி. அடுப்ப அணைச்சிட்டு ஒரே நிமிஷத்துல வரேன்.” வேண்டாம், அக்கா வேண்டாம் என்று பிடிப்பதற்குள் கையை உதறிக்கொண்டு திரும்பிவிட்டாள். பாதியில் நிற்கிற கதவைத் தோளால் தள்ளி உள்ளே போனாள். புடவைத் தலைப்பு கதவிடுக்கில் ஒரு கணம் மாட்டி, உருவிக்கொண்டு மறைந்தது. தங்கை அவள் பின்னாலேயே ஓடி வந்து, வாசலுக்கு இரண்டு அடி தள்ளி நின்றாள். உள்ளே பாத்திரம் இடம் மாறுகிற சத்தம் கேட்டது.

அவள் முதுகுக்குப் பின்னால், ‘டிக்’ என்றது.

இத்தனை கூச்சலிலும் அது தனியாக வந்து காதில் விழுந்தது. சுத்தமான வெட்டு. திரும்பிப் பார்த்தாள். மேலே, வெயிலில் பளிச்சென்று அடித்த முதல் துண்டு இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. தேதியின் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். அடுத்த துண்டு டிக் என்றது. அதற்கு அடுத்த மங்கல் துண்டு, இன்னும் காயாத சிமெண்ட்டை விட்டு நழுவி, தரையில் விழாமல் விரிசலுக்குள்ளேயே போய்விட்டது.

“அக்கா” என்றாள்.

“இதோ வந்துட்டேண்டி” என்றாள் அக்கா உள்ளேயிருந்து.